சரிவு நிலத்தில் சொட்டுநீருடன் உரம்: முதலில் நீரை அளந்து பாருங்கள்

ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் அருவியாகச் சுமார் 300 அடி கீழே விழுகிறது. மழைக்காலத்தில் பெருக்கெடுத்து விழும் இந்த அருவி, கோடையில் நூலாக மெலிந்துவிடும். சில ஆண்டுகளில் அதுவும் இராது. சேர்வராயன் மலையில் பயிர் செய்யும் சிறு விவசாயியின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். கோடை மழை தொடங்கி நவம்பர் வரை நீர் மிகுதி. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தட்டுப்பாடு. மிகுதியான காலத்தில் இட்ட உரம் கரைந்து சரிவில் ஓடிவிடுகிறது. தட்டுப்பாட்டுக் காலத்தில் இட்ட உரம் கரையாமல் மேலேயே கிடக்கிறது. இரண்டு வழியிலும் நட்டம் விவசாயிக்கே.

சொட்டுநீர்க் குழாய் வழியாகவே உரத்தையும் கொடுத்தால் இந்த நட்டத்தைப் பெரிதும் தவிர்க்கலாம். இப்போது மலையிலும் மலையடிவாரத்திலும் பல விவசாயிகள் சொட்டுநீர் அமைத்திருக்கிறார்கள். ஆனால் சமவெளி நிலத்துக்குச் சொல்லும் முறையை அப்படியே சரிவு நிலத்தில் கையாண்டால் ஒரு கோளாறு நேரும். மேல் வரிசைச் செடி பட்டினி கிடக்கும். கீழ் வரிசைச் செடிக்குத் தேவைக்கு மேல் போய்ச் சேரும். நீர் சமமாகச் சொட்டாத தோட்டத்தில் உரமும் சமமாகச் சேராது. ஆகவே உர மூட்டையைப் பிரிப்பதற்கு முன் நீரை அளந்து பார்ப்பதே முதல் வேலை. அதை எப்படிச் செய்வது, பிறகு உரத்தை எப்படிக் கொடுப்பது என்பதை இங்கே காண்போம்.

முறை வந்த வழி

செடியின் அருகே பானையைப் புதைத்து, அதில் நீர் நிரப்பிக் கசிய விடுவது நம் நாட்டில் பழைய வழக்கம். சொட்டுநீரின் அடிப்படையும் இதுவே: நிலம் முழுவதையும் நனைக்காமல் வேர் இருக்கும் இடத்தை மட்டும் நனைப்பது. இதைப் பிளாஸ்டிக் குழாயும் சொட்டுவானும் கொண்ட அமைப்பாக உருவாக்கியவர் இஸ்ரேல் நாட்டுப் பொறியாளர் சிம்கா பிளாஸ். 1965ஆம் ஆண்டு அந்நாட்டில் ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையில் இதற்கான தொழில் தொடங்கியது.

தமிழ்நாட்டில் சொட்டுநீருடன் உரம் கொடுக்கும் முறை விவசாயிகளிடையே பெரிய அளவில் பரவ ஒரு திட்டம் உதவியது. சேர்வராயன் மலைக்கு வடக்கே உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், 2004-05இல் தொடங்கி மூன்று ஆண்டுகளில் 400 ஹெக்டேர் நிலத்தில் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடத்தியது. விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே காய்கறிப் பயிர்களுக்குக் குழாய் வழியாக நீரும் உரமும் கொடுக்கப்பட்டன. பார்த்தவர்கள் தங்கள் நிலத்திலும் செய்யத் தொடங்கினார்கள். அந்த அனுபவத்தை மலைச் சரிவுக்கு எடுத்து வரும்போது சில மாற்றங்கள் தேவைப்படுகின்றன.

குழாய் வழியே உரம் ஏன்?

சொட்டுநீர் விடும் நிலத்தில் ஒவ்வொரு சொட்டுவானின் கீழும் வெங்காய வடிவில் ஒரு பகுதி மட்டும் ஈரமாக இருக்கும். பயிரின் உறிஞ்சு வேர்கள் அங்கேதான் கூடும். அந்த ஈரத்துக்கு வெளியே காய்ந்த மண்ணில் தூவிய உரம் வேருக்கு எட்டாது. சொட்டுநீர் போட்ட பிறகும் பழைய வழக்கப்படி உரத்தை நிலம் முழுவதும் இறைப்பவர்களுக்குப் பலன் குறைவாகக் கிடைப்பது இதனால்தான்.

இரண்டாவதாக, யூரியாவை மண்ணின் மேல் போட்டுவிட்டால் அதிலுள்ள தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். பலத்த மழை வந்தால் மேலும் ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறி வேருக்குக் கீழே இறங்கிவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பெரிய அளவில் இடுவதைவிட, சிறு சிறு அளவாக அடிக்கடி கொடுத்தால் இந்த இழப்பு குறையும். குழந்தைக்கு ஒரு நாள் உணவை ஒரே வேளையில் ஊட்ட முடியாதல்லவா? பயிரும் அப்படித்தான்.

பல பயிர்களில் பரிந்துரை அளவில் 75 சதவீதத்தைச் சொட்டுநீருடன் கொடுத்தே, முழு அளவையும் மண்ணில் இட்டதற்கு இணையான மகசூல் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்தச் சிக்கனம் கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. எல்லாச் செடிக்கும் ஒரே அளவு நீர் போக வேண்டும்.

சரிவில் நேரும் கோளாறு

குழாயில் நீர் 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி கீழே இறங்கினால், அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ கூடும். மேட்டில் தொட்டி கட்டி மோட்டார் இல்லாமலே பாசனம் செய்ய இது மலை விவசாயிக்கு ஒரு வரம். சாதாரணச் சொட்டுநீர் அமைப்புக்கு வேண்டிய அழுத்தமும் ஏறக்குறைய 1 கிலோதான். குழாயின் உராய்விலும் வடிகட்டியிலும் கொஞ்சம் அழுத்தம் குறையும் என்பதால், தொட்டி 33 அடிக்கு மேலும் சற்று உயரத்தில் இருப்பது நல்லது.

ஆனால் இதே உயரம் தோட்டத்துக்குள் தொல்லையாகவும் மாறும். மேல் வரிசையில் 1 கிலோ அழுத்தம் இருந்தால், அதற்கு 33 அடி கீழே உள்ள வரிசையில் 2 கிலோ அழுத்தம் இருக்கும். சாதாரணச் சொட்டுவானில் அழுத்தம் இரண்டு மடங்கானால் நீர் சுமார் 40 சதவீதம் கூடுதலாகச் சொட்டும்.

இதோடு முடியவில்லை. வால்வை மூடிய பிறகும் குழாயில் நிற்கும் நீர் சரிவில் இறங்கி, கீழ் வரிசைச் சொட்டுவான்கள் வழியாக வடிந்துகொண்டே இருக்கும். அந்த நீரில் உரம் இருந்தால் அதுவும் கீழ்ச் செடிகளுக்கே போகும். ஆகவே கீழ்ச் செடி இரண்டு வகையில் அதிகம் பெறுகிறது. மேல் செடி இழக்கிறது.

வெறும் நீர் மட்டும் விடும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. உரம் சேரும்போது வாரந்தோறும் கூடிக்கொண்டே போகும்.

டம்ளரும் கடிகாரமும் போதும்

நீர் சமமாகச் சொட்டுகிறதா என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் மில்லி அளவு குறித்த ஒரு குவளை, சில டம்ளர்கள், ஒரு கடிகாரம் இருந்தால் போதும்.

தோட்டத்தில் நான்கு பக்கக் குழாய்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று மேல் கோடியில், ஒன்று கீழ்க் கோடியில், மற்ற இரண்டும் இடையில் இருக்கட்டும். ஒவ்வொரு குழாயிலும் தொடக்கம், மூன்றில் ஒரு பங்கு தூரம், மூன்றில் இரண்டு பங்கு தூரம், கடைசி என்று நான்கு சொட்டுவான்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தம் 16 இடங்கள். வால்வைத் திறந்து கால் மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு ஒவ்வொரு சொட்டுவானின் கீழும் சரியாக 3 நிமிடம் டம்ளரை வைத்து, விழும் நீரை அளந்து எழுதுங்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் என்றால் 3 நிமிடத்தில் 200 மில்லி விழ வேண்டும். 2 லிட்டர் சொட்டுவான் என்றால் 100 மில்லி.

16 அளவுகளையும் கூட்டி 16ஆல் வகுத்தால் தோட்டத்தின் சராசரி கிடைக்கும். பிறகு மிகக் குறைவாக உள்ள நான்கு அளவுகளை மட்டும் கூட்டி 4ஆல் வகுங்கள். இந்தக் குறைந்த சராசரி, முழுச் சராசரியில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

ஓர் உதாரணம். 16 அளவுகளின் கூட்டுத்தொகை 3,200 மில்லி, சராசரி 200. மிகக் குறைந்த நான்கு அளவுகள் 130, 140, 145, 145; இவற்றின் சராசரி 140. ஆகவே சீர்மை 70 சதவீதம். 90க்கு மேல் வந்தால் மிக நன்று. 80 முதல் 90 வரை நன்று, உரம் விடலாம். 80க்குக் கீழே வந்தால் குறையைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டுத்தான் உரம் விட வேண்டும். 70க்கும் கீழே என்றால் குழாயில் உரம் விடுவதை நிறுத்தி வைத்து, செடிக்குச் செடி கையால் இடுவதே மேல்.

70 சதவீதம் என்பது செடிக்கு என்ன என்று பாருங்கள். ஒரு வாழைக்கு ஓராண்டில் 550 கிராம் பொட்டாஷ் உரம் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீர் குறைவாகப் பெறும் மேல் வரிசை வாழைக்கு 385 கிராம்தான் சேரும். அதிகம் பெறும் கீழ் வரிசை வாழைக்கு 700 கிராமுக்கு மேல் போகும். செலவு ஒன்றுதான், ஆனால் மேலே தார் சிறுக்கும், கீழே உரம் வீணாகும்.

கோளாறைச் சரி செய்ய

மேலிருந்து கீழ் வரை வரிசை வரிசையாக நீர் கூடிக்கொண்டே போனால் கோளாறு அழுத்தத்தில் இருக்கிறது. ஒழுங்கில்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குறைந்தால் அடைப்பு இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

அழுத்தக் கோளாறுக்கு வழிகள் இவை. பக்கக் குழாய்களைச் சரிவுக்குக் குறுக்கே, சம மட்டத்தில் போட வேண்டும்; மேலிருந்து கீழாகப் போடக் கூடாது. முதன்மைக் குழாய் மட்டும் சரிவில் இறங்கலாம். தோட்டத்தை உயரத்துக்கேற்ப இரண்டு மூன்று பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு வைக்க வேண்டும். கீழ்ப் பிரிவின் வால்வைச் சற்று மூடி வைத்து, அங்கேயும் 3 நிமிடத்தில் அதே 200 மில்லி வருமாறு திருத்தலாம். திருத்திய இடத்தில் வால்வின் மேல் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், வேலையாள் மாறினாலும் அளவு மாறாது.

அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவு நீர் தரும் சொட்டுவான்கள் கிடைக்கின்றன. அழுத்தம் ஈடு செய்யும் சொட்டுவான் என்று இவற்றுக்குப் பெயர். விலை சற்றுக் கூடுதல். சரிவு நிலத்துக்கு ஏற்றவை இவையே. வால்வை மூடியதும் தானே மூடிக்கொண்டு, குழாயிலுள்ள நீரை வடிய விடாத வகையும் உண்டு. இந்தச் சொட்டுவான்கள் சரியாக வேலை செய்யவும் குறிப்பிட்ட குறைந்த அளவு அழுத்தம் தேவை. எனவே தொட்டிக்கும் மேல் வரிசைக்கும் உள்ள உயரத்தைச் சொல்லியே வாங்க வேண்டும்.

எந்த உரம் குழாயில், எந்த உரம் மண்ணில்?

சொட்டுநீர் என்றாலே எல்லா உரத்தையும் விலை கூடிய நீரில் கரையும் உரமாகவே வாங்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். சிறு விவசாயிக்கு அது தேவையில்லை.

தழைச்சத்துக்கு யூரியா போதும். 1 லிட்டர் நீரில் ஏறக்குறைய 1 கிலோ யூரியா கரையும். 2015 முதல் நம் நாட்டில் மானிய விலை யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருவதால், கரைசலின் மேல் மெல்லிய ஏடு படியும். கரைத்து அரை மணி நேரம் வைத்திருந்து, துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும்.

சாம்பல் சத்துக்கு மியூரேட் ஆப் பொட்டாஷ் போதும். இதில் வெள்ளை நிற உரத்தையே கேட்டு வாங்குங்கள். சிவப்பு நிறத்தில் இரும்புத் துகள் கலந்திருப்பதால் கசடு நிற்கும். அது சொட்டுவானை அடைக்கும். 1 லிட்டர் நீரில் சுமார் 340 கிராம் பொட்டாஷ் கரையும். குளிர்ந்த நீரில் இதுவும் குறையும். மேலும் யூரியாவும் பொட்டாஷும் கரையும்போது நீர் தானே குளிர்ந்துவிடும். ஏற்காட்டின் மார்கழிக் காலையில் உரம் கரையவில்லை என்று கலக்கிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். வெயில் ஏறிய பிறகு, நீரைத் தாராளமாக ஊற்றிக் கரையுங்கள்.

மணிச்சத்து விஷயம் வேறு. சூப்பர் பாஸ்பேட் குழாய்க்கு ஆகாது. டி.ஏ.பி. குருணையிலும் கரையாத கசடு உண்டு. சுண்ணாம்பு கலந்த கடின நீரில் மணிச்சத்து சேர்ந்தால் வெண்மையாகத் திரிந்து படியும். மலையடிவாரத்து ஆழ்குழாய்க் கிணறுகளில் கடின நீர் இருக்கும் இடங்களில் இந்தத் தொல்லை அதிகம். எனவே மணிச்சத்தில் 75 சதவீதத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாக அடியுரமாக இட்டு, மீதி 25 சதவீதத்தை மட்டும் 12:61:0 போன்ற நீரில் கரையும் உரமாகக் கொடுப்பது பல்கலைக்கழகம் பல காய்கறிப் பயிர்களுக்குச் சொல்லும் முறை.

சேர்வராயன் மலை மண்ணுக்கு இதில் ஒரு தனிக் கவனம் தேவை. அலுமினியம் எடுக்கும் பாக்சைட் கிடைத்த மலை இது. இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண்ணில் மணிச்சத்தை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும்; பயிருக்கு எளிதில் விடாது. ஆகவே சூப்பர் பாஸ்பேட்டைப் பரவலாகத் தூவாமல், மக்கிய தொழுவுரத்துடன் கலந்து, சொட்டுவானின் ஈரம் படும் இடத்தில், வேர்ப்பகுதியில் வைத்து மூட வேண்டும். மலை மண் பெரும்பாலும் புளிப்பு மண். யூரியா தொடர்ந்து ஒரே இடத்தில் சொட்டும்போது அங்கே புளிப்புத் தன்மை மேலும் கூடும். எனவே இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சொட்டுவானின் கீழிருந்தே மண் எடுத்துப் பரிசோதித்து, பரிந்துரைப்படி சுண்ணாம்பு இட வேண்டும். சுண்ணாம்பை மண்ணில்தான் இட வேண்டும், குழாயில் அல்ல.

கால்சியம் நைட்ரேட் கொடுப்பவர்கள் அதை மணிச்சத்து உரத்துடனோ சல்பேட் உரத்துடனோ ஒரே தொட்டியில் கலக்கவே கூடாது. சுண்ணாம்புப் படிவாக மாறிக் குழாய் முழுவதையும் அடைத்துவிடும். வேறு வேறு நாளில் கொடுங்கள். எந்த இரண்டு உரத்தையும் முதன்முறை சேர்க்குமுன், அதே அளவு விகிதத்தில், உங்கள் பாசன நீரிலேயே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கலந்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். கலங்கினாலோ அடியில் படிந்தாலோ சேர்க்க வேண்டாம்.

ஜீவாமிர்தம், மீன் அமிலம் போன்ற கரைசல்களைக் குழாயில் விட விரும்பும் விவசாயிகளும் இருக்கிறார்கள். சாணத்தின் நுண்ணிய நார் வடிகட்டியையும் தாண்டும். பல மடிப்புத் துணியில் பலமுறை வடித்துத் தெளிந்ததை மட்டும் விட வேண்டும். இல்லையேல் செடிக்குச் செடி கையால் ஊற்றுவதே பாதுகாப்பு.

ஒரு கணக்கு: 500 வாழை

மலையடிவாரத்தில் சுமார் 40 சென்ட் நிலத்தில் 500 வாழை வைத்திருக்கும் விவசாயிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோட்டக்கால் நிலத்தில் நேந்திரன் அல்லாத வாழை இரகங்களுக்கு, மரத்துக்கு ஓராண்டில் 110 கிராம் தழைச்சத்தும் 35 கிராம் மணிச்சத்தும் 330 கிராம் சாம்பல் சத்தும் பரிந்துரை.

500 மரத்துக்குத் தழைச்சத்து 55 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் சுமார் 120 கிலோ யூரியா வேண்டும். சாம்பல் சத்து 165 கிலோ. 60 சதவீதச் சத்துள்ள பொட்டாஷ் உரமாக 275 கிலோ. மணிச்சத்து 17.5 கிலோ, 16 சதவீதச் சத்துள்ள சூப்பர் பாஸ்பேட்டாகச் சுமார் 110 கிலோ. இங்கே கணக்கு எளிதாக இருக்கச் சூப்பர் பாஸ்பேட் முழுவதையும் கையால் வேரடியில் வைத்துவிடுவோம்.

யூரியாவையும் பொட்டாஷையும் 40 வாரங்களுக்குப் பிரிப்போம். வளரும் காலத்தில் தழைச்சத்தும், தார் உருவாகிப் பெருக்கும் காலத்தில் சாம்பல் சத்தும் அதிகம் தேவை. ஆகவே முதல் 20 வாரங்களில் வாரத்துக்கு யூரியா 4 கிலோ, பொட்டாஷ் 5 கிலோ; அடுத்த 20 வாரங்களில் வாரத்துக்கு யூரியா 2 கிலோ, பொட்டாஷ் சுமார் 9 கிலோ. வாரத்து அளவை இரண்டாகப் பிரித்து, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை விட வேண்டும்.

மரத்துக்கு இரண்டு சொட்டுவான், ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால் 500 மரத்துக்கு மணிக்கு 4,000 லிட்டர் நீர் ஓடும். முக்கால் மணி நேரம் உரம் விட்டால் 3,000 லிட்டர். ஒரு தடவைக்கு விடும் உரம் 4.5 முதல் 5.5 கிலோ. 1 லிட்டர் நீரில் 2 கிராமுக்கு உட்பட்டே இருக்கிறது. வேர் கருகும் பயமில்லை. இந்த உரத்தை 40 லிட்டர் நீரில் முதலில் கரைத்துக்கொள்ள வேண்டும். மண் பரிசோதனை அட்டையில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

கலந்து விடும் முறை

வென்ச்சுரி என்ற சிறு கருவி பலருக்கும் தெரிந்தது. நீர் வேகமாக ஓடும் குறுகிய கழுத்து வழியே உரக் கரைசலை அது உறிஞ்சும். ஆனால் அது உறிஞ்ச வேண்டுமானால் முன்னும் பின்னும் நல்ல அழுத்த வேறுபாடு வேண்டும். மோட்டார் உள்ள இடத்தில் சரியாக வேலை செய்யும். மேட்டுத் தொட்டியிலிருந்து தானே இறங்கும் நீரில் அழுத்தம் குறைவாக இருந்தால் உறிஞ்சாமல் நின்றுவிடும்.

அப்படிப்பட்ட இடத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்டிக் டிரம்மைத் தொட்டியின் நீர் மட்டத்தைவிட உயரமான மேடையில் வைத்து, அதன் அடியிலிருந்து சிறு குழாயும் வால்வும் பொருத்தி, தொட்டிக்கும் வடிகட்டிக்கும் இடையில் முதன்மைக் குழாயில் இணைக்க வேண்டும். டிரம் தாழ்வாக இருந்தால் நீர் டிரம்முக்குள் ஏறும். 40 லிட்டர் கரைசல் முக்கால் மணி நேரத்தில் இறங்குமாறு வால்வைத் திருத்தி வைத்தால் போதும்; நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. உரம் எப்போதும் வடிகட்டிக்கு முன்னால்தான் சேர வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் மூன்று கட்டமாகச் செய்யுங்கள். முதலில் 15 நிமிடம் வெறும் நீர். எல்லாக் குழாயிலும் அழுத்தம் நிலைப்படும். அடுத்து உரம். கடைசியாக 15 முதல் 20 நிமிடம் மறுபடி வெறும் நீர். குழாயில் தங்கிய உரம் முழுவதும் வெளியேறும். இந்தக் கடைசிக் கட்டம் சரிவு நிலத்தில் மிக அவசியம். வால்வை மூடிய பிறகு கீழே வடிவது வெறும் நீராக இருந்தால் கேடில்லை. ஆனால் இதையே மணிக்கணக்கில் நீட்டினால் உரம் வேரைத் தாண்டி இறங்கிவிடும்.

குடிநீரில் உரம் கலக்கக் கூடாது

மலையில் ஒரே ஊற்று, ஒரே தொட்டி என்று வீட்டுக்கும் மாட்டுக்கும் தோட்டத்துக்கும் நீர் எடுப்பது வழக்கம். மோட்டார் திடீரென்று நின்றாலோ வால்வு கோளாறானாலோ குழாயிலுள்ள உரநீர் பின்னோக்கி வந்து கிணற்றிலும் தொட்டியிலும் கலக்கக்கூடும். யூரியா கலந்த நீரைக் குடித்தால் மாடு நஞ்சேறி இறந்துவிடும். குடிநீரில் நைட்ரேட் மிகுந்தால் கைக்குழந்தைகளுக்குக் கேடு.

ஆகவே தொட்டிக்கும் உரம் சேரும் இடத்துக்கும் நடுவில், நீரை ஒரு பக்கம் மட்டும் விடும் தடுப்பு வால்வு கட்டாயம் வேண்டும். பொதுத் தொட்டியில் உரத்தைக் கொட்டிக் கலக்கும் வழக்கம் கூடவே கூடாது. டிரம்முக்கு மூடி போடுங்கள். கரைசல் மிச்சம் இருந்தால் ஓடையில் ஊற்ற வேண்டாம். மேலே இருப்பவரின் தோட்டத்து நீர்தான் கீழே இருப்பவரின் ஊற்று என்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்ததே.

காப்பியும் மழைக்காலமும்

காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்பியின் பூ மொட்டுகள் வறட்சியில் சில வாரம் உறங்கி, பூ மழை பெய்ததும் ஒன்றாக மலரும். அந்த வறண்ட காலத்தில் தொடர்ந்து சொட்டுநீர் விட்டால் மொட்டுகள் ஒரே சமயத்தில் மலராமல் சிதறும். பழமும் ஒன்றாகப் பழுக்காது. பறிப்புக் கூலி கூடும். காப்பிக்கு நடுவே மிளகு வைத்திருப்பவர்கள், மிளகுக்குக் கோடையில் நீரும் உரமும் விடும் நாளைக் காப்பியின் பூக்காலத்தை அனுசரித்து, காப்பி வாரிய விரிவாக்க அலுவலரைக் கலந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

மழைக்காலத்தில் நீர் தேவையில்லை; ஆனால் பயிர் வளர்வது அப்போதுதான். உரம் தேவை. மழை ஓய்ந்து மண் சற்று வடிந்த நாளில், குழாய் நிரம்ப 10 நிமிடம், உரம் 15 நிமிடம், கழுவ 10 நிமிடம் என்று குறைந்த நேரத்தில் விடலாம். நேரம் குறையும்போது உரத்தையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். நாள் முழுவதும் மழை கொட்டும் வாரத்தில் விட வேண்டாம். அந்த உரம் உங்கள் செடிக்குச் சேராமல் ஓடை வழியே கீழே போய்விடும்.

குழாயைப் பேணுதல்

வடிகட்டியை வாரம் ஒருமுறையாவது கழற்றிக் கழுவுங்கள். உரம் விட்ட நாளில் தவறாமல் கழுவுங்கள். மாதம் ஒருமுறை பக்கக் குழாய்களின் கடைசி அடைப்பைத் திறந்து, தெளிந்த நீர் வரும் வரை ஓட விடுங்கள். தொட்டியில் வெயில் படாமல் மூடி வைத்தால் பாசி பிடிக்காது. கடின நீரால் சுண்ணாம்பு படிந்த குழாய்களுக்கு அமிலச் சுத்திகரிப்பு உண்டு. அதைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டே செய்ய வேண்டும். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் நச்சு வாயு எழும். இரண்டையும் ஒருநாளும் கலக்காதீர்கள்.

டம்ளர் சோதனையை ஆண்டுக்கு இரண்டு முறை செய்து ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். எலி, அணில் கடித்த குழாயும் அடைத்த சொட்டுவானும் அந்த எண்களில் தெரிந்துவிடும்.

கையெழுத்துக்கு முன்

தமிழ்நாட்டில் சொட்டுநீர் அமைக்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதமும், அரசு நிர்ணயித்த அளவுக்கு உட்பட்டு, மானியம் கிடைக்கிறது. முழு மானியம் என்பதால் கொடுத்ததை வாங்கிக்கொள்வோம் என்று இருந்துவிட வேண்டாம். நிறுவனத்தார் கொண்டு வரும் வரைபடத்தில் கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். நிலத்தின் ஏற்ற இறக்கம் அளக்கப்பட்டதா? பக்கக் குழாய் சம மட்டத்தில் போகிறதா? அழுத்தம் ஈடு செய்யும் சொட்டுவான் உண்டா? உரம் விடும் அமைப்பும் தடுப்பு வால்வும் சேர்ந்திருக்கின்றனவா? குழாய் போட்டு முடிந்ததும், அவர்கள் எதிரிலேயே 16 டம்ளர் சோதனையைச் செய்து பாருங்கள். குறை இருந்தால் அன்றே திருத்தச் சொல்லலாம்.

பயிர்வாரியான உர அட்டவணைகளுக்கு ஏற்காட்டிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையோ, சேலம் சந்தியூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ அணுகலாம். போகும்போது மண் பரிசோதனை முடிவையும், நீங்கள் அளந்து எழுதிய 16 எண்களையும் எடுத்துச் செல்லுங்கள். அவற்றைப் பார்த்தால்தான் உங்கள் தோட்டத்துக்கு ஏற்ற அளவைச் சொல்ல முடியும். மேல் வரிசைச் செடிக்கும் கீழ் வரிசைச் செடிக்கும் ஒரே அளவு நீர் என்று உறுதி செய்துகொண்டு உரத்தைத் தொடங்கும் விவசாயி, குறைந்த உரத்தில் நிறைந்த மகசூல் பெறலாம்.